துண்டுக்கு வெளியே

கிழக்கு வெளுக்குமுன்பே கொட்டகையில் புல் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். துடைப்பப் புல்லைக் கல்லில் ஓங்கி அறைந்தால்தான் பூந்தூள் உதிரும். உதிர்ந்த தூளில் பாதி தரைக்கு, மீதி அடிக்கிறவளின் தொண்டைக்கு. பிறகு கால் கட்டைவிரலில் கம்பியை மாட்டி, பிடியை இறுக்கிச் சுற்ற வேண்டும். இழுத்த இழுப்பில் கால் விரலும் கை விரலும் நீலம் பாரிக்கும். அந்த வேலையிலும் கையைவிட வாய் வேகமாக ஓடுவது ஒருத்திக்குத்தான். அவளுக்கு ஊசி என்று பெயர்.

முதலாளிக்கும் பட்டப்பெயர் உண்டு: வெல்லக்கட்டி. எதிரே எறும்பு வந்தாலும் "வாம்மா தங்கச்சி" என்பார்.

போன வருஷம் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. மலையில் அறுக்கும் புல்லை உரிமம் பெற்ற கொட்டகைதான் வாங்கலாம். சிமெண்டுத் தரை, இரும்புக் கதவு, தீயணைக்கும் கருவி இருந்தால்தான் உரிமம். மலைக்காரர்களைத் தரகர்கள் ஏமாற்றக் கூடாதாம். ஆட்டுக்குக் காவலாக வேலி போட்டு, ஓநாய் ஒன்றுக்கு மட்டும் சாவி கொடுத்த கதை. மண் தரையில் பிழைத்த சின்னக் கொட்டகைகள் நடுங்கின.

சட்டத்தை எதிர்த்துக் கிளம்பிய ஊர்வலத்துக்கு வெல்லக்கட்டிதான் முன்னால் நடந்தார். பின்னால் துடைப்பம் கட்டும் பெண்கள், மலையிறங்கி வந்த சனம். "பிழைச்சா எல்லாரும் பிழைப்போம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எல்லோருக்காகவும் பேச, சர்க்கார் அலுவலகத்துக்குள் அவர் ஒருவரே போனார்.

சில நாளில் சிமெண்டு மூட்டைகள் வந்திறங்கின. "நம்ம கொட்டகை" என்றார். அந்த 'நம்ம'வை நம்பி, ஊசியும் மற்றவர்களும் கூலி கேட்காமல் கலவை குழைத்துத் தரை போட்டார்கள். மற்ற கொட்டகைகள் மூடிய பிறகுதான் விளங்கியது: உரிமம் ஒன்றே ஒன்று, அதுவும் வெல்லக்கட்டியின் சட்டைப்பையில்.

இன்று மலைக்காரர்கள் தலைச்சுமையை முற்றத்தில் இறக்கியபோது மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்த புல் எருவுக்குத்தான் ஆகும். வெல்லக்கட்டி தோள்துண்டை விரித்து, முன்னால் நின்ற மலைக்காரியின் கைமேல் போட்டார். பழைய வியாபாரிகளின் வித்தை அது. வாய் பேசாது, துண்டுக்குள் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

மலைக்காரியின் முகம் சுருங்கியது.

"என்ன பண்றது தங்கச்சி, தொடப்பம் கட்டுறவங்க கூலிய ஏத்திட்டாங்க" என்று காதில் ஊதினார்.

ஒவ்வொருவர் கையாகப் பிடித்து முடித்து, உள்ளே வந்து பெண்களிடம் கையைப் பிசைந்தார். "இனிமே பாதிக் கூலிதான் கண்ணுங்களா. மலைக்காரங்க விலைய ஏத்திட்டாங்க."

ஊசி கம்பியை உதறிவிட்டு வெளியே பாய்ந்தாள்.

"ஏன்க்கா, எங்க வயித்துல அடிக்கத்தான் மலை எறங்கி வந்தியா?"

"நானா? கூலிய ஏத்தி என் பொழப்புல மண்ணப் போட்டது நீ!"

"ஏத்துனோமா? பாதியாக் கொறச்சிருக்காருக்கா!"

இரண்டு பேருக்கும் கோபம் நடுவழியில் நின்றது.

"துண்டுக்குள்ள எத்தனை வெரல் பிடிச்சாரு?"

மலைக்காரி, எல்லோரும் பார்க்க, ஊசியின் இரண்டு விரலைப் பிடித்தாள். பிடித்த உள்ளங்கை முழுக்கப் புல் கிழித்த கோடுகள்.

"போன வருஷம்?"

நாலு விரல்.

மலைக்காரிக்குப் பின்னால் சுமையோடு வந்த சுமைக்காரர் அவளைப் பார்த்து வாய் பிளந்தார். "எனக்கும் ரெண்டுதான். ஆனா உனக்கு ஒண்ணுதானாம், என்மேல பாசத்துல ரெண்டாம்!"

ஊசி சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. "ஒரே துண்டுல எல்லார் தலையையும் துவட்டியிருக்காரு மனுஷன்."

வெல்லக்கட்டி ஓடிவந்தார். "சட்டம்மா! நானா போட்டேன்?"

"சட்டம் போட்டது சர்க்காரு. தரை போட்டது நாங்க. எங்களுக்காகப் பேசுறேன்னு உள்ள போனீங்களே, வெளிய வரும்போது எங்கள எங்க விட்டுட்டு வந்தீங்க?"

வெல்லம் கரைந்து அடியிலிருந்த கல் தெரிந்தது. "வேற எவன்கிட்ட விப்பீங்க? வாங்குனவன் கம்பி எண்ணுவான். மழை வருது, யோசிச்சுக்குங்க."

மலைக்காரி நிதானமாகக் கேட்டாள்: "மத்தவங்க வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. உங்களுக்கு வித்தே ஆகணும்னும் இருக்கா, ஐயா?"

மத்தியானம் துடைப்பம் ஏற்ற லாரி வரும்; புல்லும் கட்டும் கையும் இல்லாவிட்டால் வெறுமனே திரும்பும். வெல்லக்கட்டி சாலையை எட்டிப் பார்த்தார்.

தகரக் கூரையில் முதல் துளிகள் சடசடத்தன. ஊசி ஒரு புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள். "உள்ள கொண்டாங்க. நாம போட்ட தரைதான்."

"என் கொட்டகைக்குள்ள வந்தா வித்ததா அர்த்தம்!"

"விக்கல முதலாளி. மழைக்கு ஒதுங்கியிருக்கு."

கட்டுகளின்மேல் இரண்டு கூட்டமும் கலந்து உட்கார்ந்தது. அடிக்கும் கல் ஓய்ந்தது.

"உரிமத்தக் கூட்டா எல்லார் பேர்லயும் கேப்போம்" என்றாள் ஊசி. "இந்தத் தடவை ஆபீசுக்குள்ள எல்லாருமே போவோம்."

"கதவு சின்னதாச்சே?" என்றார் சுமைக்காரர்.

"அப்ப அவங்கள வெளிய வரச் சொல்லுவோம்."

வெல்லக்கட்டிக்குக் கை பழக்கத்தை விடவில்லை. துண்டை விரித்தபடி மலைக்காரியிடம் குனிந்தார். "உனக்கு மட்டும் மூணு, தங்கச்சி..."

அவள் கை துண்டுக்குள் போகவில்லை. நாலு விரலைத் தலைக்குமேல் உயர்த்தினாள். பக்கத்தில் ஊசியின் நாலு விரல். அப்புறம் சுமைக்காரர். கிழிந்ததும் நீலம் பாரித்ததுமாக வரிசை கதவுவரை நீண்டது.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.