கனமான குழாய்

அறுபத்தெட்டாம் வருஷம், கோட்டையூரில் இருந்த என் சைக்கிள் கடைக்கு மலையாண்டி உடைந்த பிரேமோடு வந்தான். ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சைக்கிளில் கட்டி வீடுகளுக்குக் கொண்டுபோகிறவன். ஒட்டே இல்லாத உருக்குக் குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினேன்.

"என்னண்ணே, இம்புட்டு லேசானதக் குடுக்கீக? கல்லைத் தாங்குமா?" என்றவன், யார் வீட்டுக் கிணற்றடியிலோ கழற்றிய தண்ணீர்க் குழாயை நீட்டினான். "இதைப் போடுங்க. கனத்தைப் பாருங்க."

"கனமா இருந்தாப் பலமாயிருமாடா? நெடுக ஒட்டுப் போட்ட குழாய். பிளந்துரும்."

இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போட்டுத் தாரேன். ஒடைஞ்சா எங்கிட்ட வராதே" என்று பற்றவைத்துக் கொடுத்தேன்.

அவன் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் பெண்டாட்டி அன்னக்கிளி வந்தாள். கல்லலுக்குப் போகும் சாலை இறக்கத்தில் குழாய் ஒட்டோடு பிளந்து, கல் அத்தனையும் நெஞ்சில் சரிந்து அவன் செத்துப்போயிருந்தான்.

"பாரத்தைக் கூடுதலா ஏத்திட்டாகண்ணே" என்றாள். "இனிமே கொழுந்தனாரு ஓட்டப்போறாக. எங்க வீட்டுக்காரரு பாத்து எடுத்த குழாயையே போடுங்க." கிணற்றடிக் குழாயின் மீதித் துண்டை நீட்டினாள்.

லேசான குழாய் என் தலைக்கு மேலேதான் தொங்கியது. அதைப் போடலாம் என்று சொன்னால், பிளக்கும் என்று தெரிந்தே இதை யார் பற்றவைத்தது என்றும் சொல்ல வேண்டும்.

கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டேன்.