நூற்றியொரு டோனட்டும் அவற்றின் நடுவும்

கோமளவல்லி சுட்ட டோனட்டுகளைக் குழித்துறைச் சம்பந்தி வீட்டார் தின்று முடித்தபோது, தட்டுகளில் நூற்றியொரு ஓட்டைகள் மிச்சமிருந்தன. கழுவிப் பார்த்தார்கள், போகவில்லை. விரலால் எடுக்க வந்தன. எடுத்தால் கொஞ்சம் குளிர்ந்தன.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு அடுக்களை காணப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். அடுக்களை என்பது பேச்சுக்குத்தான். எல்லோரும் காண்பது லாரியிலிருந்து இறங்கும் பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும். கூடவே நூற்றியொரு முந்திரிக்கொத்தும் போகவேண்டும். பயறு வறுத்துத் திரித்துப் பாகு காய்ச்ச கோமளவல்லியின் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. தன் ஊரான திருவட்டாறில் யாரும் செய்யாததைச் செய்து காட்டவேண்டும் என்ற ஆசைக் கொதி வேறு. தம்பி முருகதாஸ் தோஹாவிலிருந்து கொண்டுவந்த டோனட் மாவுப் பெட்டிகள் ஆறு இருந்தன. தண்ணீர் விட்டுப் பிசைந்து, பரத்தி, வெட்டி, பொரித்தால் போதும், குழந்தையும் செய்யலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. குழந்தைக்குச் சம்பந்தி கிடையாது என்பது பெட்டிக்காரனுக்குத் தெரியாது. அவள் டம்ளரால் வட்டம் வெட்டி, இருமல் மருந்துப் புட்டியின் மூடியால் நடுவைத் தோண்டி, தேங்காயெண்ணெயில் பொரித்துச் சீனி தூவினாள். தோண்டியெடுத்த குட்டி உருண்டைகளையும் வீணாக்காமல் பொரித்தாள். அவற்றை அவள் கணவர் தாணுமாலயன் சாயாவோடு தின்று தீர்த்தார்.

சம்பந்தியம்மா ஓமனா ஒன்றுவிடாமல் எண்ணினாள். எண்ணிக்கை சரி. பிறகு ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடித்து, அதன் வழியே கோமளவல்லியின் மூக்குத்தியைப் பார்த்தாள்.

"நடுக்கூறு எங்க மைனி? வீட்டில வச்சுத் தின்னுட்டா வந்திய?"

கோமளவல்லி கணவரைப் பார்த்தாள். தின்றது உண்மைதானே. பந்தி முடிந்து ஓட்டைகள் மிஞ்சியதும் ஓமனா அவற்றைப் பொறுக்கி, பலகாரம் வந்த சருவத்திலேயே போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நடு நிறையும்வரை மருமகள் தன்யா வாசப்படி இறங்கமாட்டாள் என்றும் சொன்னாள். மாப்பிள்ளை பிரதீஷ் இன்ஜினியர். அம்மா பேசும்போதெல்லாம் சுவரில் பல்லியைத் தேடும் பழக்கமுள்ளவன். அன்றும் தேடினான். தன்யாவின் வங்கிப் பரீட்சைக்கு நாற்பது நாள்தான் இருந்தது. அவள் அதற்காக மூன்று வருடம் படித்திருந்தாள்.

கோமளவல்லி வீட்டுக்கு வந்து ஓட்டைகளில் மாவை வைத்து அடைத்தாள். வைக்க வைக்க மாவு காணாமல் போனது. மூன்றாம் நாள் தன்யா போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, நீங்க வைக்க மாவெல்லாம் இங்க அடுக்களையில எனக்க தலையில வந்து விழுது. சோறு இருந்தா போடுங்க."

மகளுக்கு அங்கே கடைசிப் பந்தி, கறி மிஞ்சுவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோமளவல்லி உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துச் சோற்றைக் கோலிக்குண்டு அளவில் உருட்டி, ஒவ்வொன்றாக அனுப்பினாள். ஓட்டையோடு ஓட்டையை ஒட்டினால் பெரிதாகும் என்று கண்டுபிடித்தவர் தாணுமாலயன். நடுவைத் தின்ற பாவத்துக்கு அவர் செய்த ஒரே பரிகாரம் அது. இருவரும் அடுக்களைச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் ஓட்டை ஒரு முறத்தின் அளவுக்கு வந்தது. தன்யா முதலில் தலையை நீட்டினாள், பிறகு தோளை நுழைத்தாள், பிறகு முழுதாக வந்து விழுந்தாள். மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் இளைத்திருந்ததால் எங்கும் சிக்கவில்லை. ஓமனா சொன்னபடி வாசப்படியும் இறங்கவில்லை.

அவளைத் திரும்பக் கூட்டிவர அனுப்பப்பட்ட பிரதீஷும் அதே வழியில்தான் வந்தான். அவன் அம்மா கைச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவன், இடுப்பில் மாட்டிக்கொண்டான். எண்ணெய் தடவி இழுத்தும் அசையவில்லை. இப்போது பத்து மாதமாகிறது. மேல்பாதி திருவட்டாறில் லேப்டாப்பில் வேலை பார்க்கிறது, கீழ்ப்பாதிக்குக் குழித்துறையில் ஓமனா வெந்நீர் ஊற்றுகிறாள். வங்கி வேலை கிடைத்த தன்யா காலையில் அவனுக்குச் சாயா கொடுத்துவிட்டு, பிறந்த வீட்டு வாசப்படி இறங்கி பஸ் பிடிக்கிறாள்.

ஓமனா மட்டும் விட்ட இடத்திலேயே நின்றாள். நடு என்னவாயிற்று என்று போனில் கேட்டாள்.

"நெறஞ்சாச்சு மைனி," என்றாள் கோமளவல்லி. "ஒங்க வீட்டுச் சாமான வச்சே நெறஞ்சாச்சு."

ஓமனா அடுக்களைக்குப் போய், சுவரிலிருந்து தொங்கிய கால்களை எண்ணினாள். இரண்டு. எண்ணிக்கை சரியாக இருந்ததால் அந்தப் பேச்சை அதோடு விட்டாள்.