எடை காட்டாத பிள்ளைகள்

திருச்சபையின் புதிய மருத்துவமனையில் பிள்ளைகளுக்கு எடை இல்லாமல் போனது மழைக்காலத் தொடக்கத்தில். கரோங்கா ஊருக்குத் தெற்கே, ஏரியோரம் இருந்தது அது. எடை பார்க்கும் தராசு எளிய கருவி: மேலே கொக்கி, உள்ளே சுருள்வில், முகத்தில் முள். பிள்ளையைத் துணிப்பையில் வைத்து மாட்டினால் வில் நீளும், முள் நகரும். இங்கே முள் அசையவில்லை, பை மிதந்தது. சோளமாவு மூட்டையை மாட்டினால் மட்டும் சரியாக இறங்கியது. வேலிக்குள் எங்கே மாட்டினாலும் அப்படித்தான். அதே வளாகத்துப் பள்ளியில் பிள்ளைகள் பெஞ்சுக்கு ஒரு விரல் மேலே உட்கார்ந்து படித்தார்கள். எழுத்துக்கு அது இடைஞ்சல் இல்லை. மலேரியா மாத்திரைக்கு இடைஞ்சல், அதை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நர்ஸ் எலுபி வில்லைச் சந்தேகித்தாள். போதகர் ஹரா சூனியத்தைச் சந்தேகித்தார். பிள்ளைகளின் எடையைத் திருச்சபை கப்பலேற்றுகிறது என்று தாய்மார்கள் சந்தேகித்தார்கள். கொக்கியைப் பிடித்து எலுபியே தொங்கிப் பார்த்தபோது முள் கடைசிவரை ஓடி முட்டியது.

"கப்பல் எல்லாம் இல்லடி, சிஸ்டர் இடுப்பைப் பாருங்க! நம்ம புள்ளைங்க எடை அங்கதான் இருக்கு!" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

அந்த வாரம் தஃப்வாச்சி காய்ச்சல் கண்ட மகளோடு வந்தாள். குறைமாதக் குழந்தை, வயதை வைத்து எடையை ஊகிக்க முடியாது. குழந்தைக்குக் கண் சொருகியது. 'கேட்காமலே உள்ளே வரலாம்' என்று போதகர் மாட்டிய பலகையின் கீழேயே அவள் நின்றுவிட்டாள்.

"ஹோடி!" என்று, உள்ளே வரலாமா என ஊர் வழக்கப்படி கேட்டுக் கத்தினாள்.

"அதான் திறந்து கிடக்கே, வாம்மா!" என்றாள் எலுபி உள்ளிருந்து.

"திறந்து கிடந்தா? யாரு வீடுன்னு தெரியாம புள்ளைய எடுத்துட்டு நுழைய நான் என்ன ஆடா? ஹோடி!"

"ஹோடினி, ஹோடினி! வந்து தொலை!" என்று எலுபி அதற்குரிய பதிலைச் சொன்னாள்.

தராசில் மாட்டியதும் பை இறங்கியது. ஐந்தரை கிலோ. எலுபி மாத்திரையைக் கரைத்துப் புகட்டினாள். புகட்டும்போதே நினைவு வந்தது: முதல் நாள் தானும் ஹோடி என்று கேட்டுத்தான் நுழைந்தாள், கதவு பொருத்திக்கொண்டிருந்த தச்சர் பதில் சொன்னார். பலகை வந்தது அதற்குப் பிறகு.

காய்ச்சல் இறங்கி வீடு திரும்பும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று தஃப்வாச்சி மகளை மறுபடி எடை பார்க்கச் சொன்னாள். குறையவில்லை.

பலகையைக் கழற்றிவிட்டார்கள். இப்போது வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வருபவர்கள் ஹோடி என்கிறார்கள், அவர் ஹோடினி என்கிறார். அதன்பின் உள்ளே வருபவர்களுக்கு எடை இருக்கிறது.