கண்ணாடிக்கடைக்காரரின் மூன்று வீடுகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கண்ணாடிக்கடையில். என் மூக்குக்கண்ணாடியின் கால் ஆட ஆரம்பித்திருந்தது, திருகு மாற்றப் போனேன். அங்கே காதில் விழுந்தது ஏழெட்டு வாக்கியம்தான். மீதியெல்லாம் நான் கட்டியது. எங்காவது ஒழுகினால் கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

2

"மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரரான அவர் வாடகை வீட்டில் குடியிருந்தார்."

[ஜோரான தொடக்கம். ஆனால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.]

"கடன் என்பது ஒரு

[ஒரு என்ன? கடலா, பேயா? கடன் கடன்தான். விடுங்கள்.]

நேராகவே சொல்கிறேன். கண்ணாடிக்கடைக்காரர் வங்கிக் கடனில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டார். வாடகையிலேயே தவணை கட்டினார், கையைக் கடிக்கவில்லை. விலை ஏறியதும் அதை அடமானம் வைத்து இரண்டாவது, அதை வைத்து மூன்றாவது. "வீடே வீட்டை வாங்கும், நாம கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று கண் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுவார்.

அவர் செய்த ஒரே தப்பு ('ஒரே' என்பது என் கருணை) அட்வான்ஸில். குடியிருப்பவர் காலி செய்யும்போது திருப்பித்தர வேண்டிய பணம் அது. முதல் வீட்டு அட்வான்ஸை எடுத்து மூன்றாவது வீட்டில் போட்டுவிட்டார். அப்புறம் வட்டி ஏறியது. மூன்றாவது வீட்டுக்கு ஆளே வரவில்லை. கடை வருமானம் முழுக்க அந்தப் பூட்டிய வீட்டின் தவணைக்குப் போனது.

3

மனைவியை எழுதுவதுதான் கஷ்டம். முதலில் அழவைத்தேன், பொய்யாக இருந்தது. அழுகிறவர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருக்கும்.

"ஒண்ணை வித்துடலாமே" என்கிறாள், பிரேம்களைத் துடைத்துக்கொண்டே.

"இப்ப வித்தா கடனே அடையாது."

"அப்ப நமக்குன்னு என்னதான் இருக்கு?"

"முதல் வீட்டு நர்ஸம்மா இருக்காங்கல்ல. தவறாம வாடகை தராங்க. அவங்க இருக்கிற வரைக்கும் எப்படியாவது ஓட்டிடலாம்."

மூன்று வீட்டையும் ஒரு பெண்ணின் தலையில் நிறுத்தியிருக்கிறாரே என்று அவள் அதிர்ந்தாள். இல்லை, அதிரவில்லை. அது அவளுக்கு எப்போதோ தெரியும். அதுதான் கொடுமை.

4

இனி வருவது நானே கேட்டது. கடைக்காரர் என் கண்ணாடியை வாங்கித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது நர்ஸ் உள்ளே வந்தார்.

"அண்ணே, எனக்கு லோன் கிடைச்சிரும் போல. நீங்க சொல்லிச் சொல்லித்தான் தைரியமே வந்துச்சு. அடுத்த மாசம் காலி பண்ணிட்டு, நீங்க தர்ற அட்வான்ஸை அப்படியே புது வீட்டுக்குக் கட்டிடுவேன். கையில வேற ஒண்ணும் இல்ல. உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கையெழுத்துப் போடலாம்னு வந்தேன். வாங்கலாம்ல?"

திருகு கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்து தேடவில்லை. மேலே நீங்கள் படித்த மூன்று வீடும் அந்தத் திருகிலிருந்து நான் எழுப்பியவை.

5

வேண்டாம் என்றால் கடைக்காரர் தப்பிப்பார். அந்த 'வேண்டாம்' உண்மையும்கூட, கடனில் கழுத்துவரை நிற்பவர் சொல்லும் உண்மை. ஆனால் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் உண்மையை அவரே நம்புவாரா? வாங்குங்க என்றால், நர்ஸ் கையெழுத்துப் போட்டுவிட்டு அட்வான்ஸுக்கு வந்து நிற்பார், இருவரும் சேர்ந்தே முழுகுவார்கள்.

[ஒரு முடிவில் எல்லாவற்றையும் சொல்லி அழுதார், நர்ஸ் மன்னித்தார். எழுதும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது.]

நடந்தது இவ்வளவுதான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "சரிண்ணே, நீங்க சொன்னா சரிதான்" என்று நர்ஸ் போய்விட்டார்.

மேலும் கீழுமாக ஆட்டினாரா, பக்கவாட்டிலா? எனக்குத் தெரியாது. என் கண்ணாடி அவர் கையில் இருந்தது.

வேறொரு திருகு போட்டு அதை எனக்கு மாட்டிவிட்டார். "இப்ப தெளிவாத் தெரியுதா சார்?"

அவர் முகம் தெரிந்தது. இரண்டு பதிலுக்கும் அது பொருந்தியது. அந்தத் தலையை உங்களிடமே விட்டுவிடுகிறேன், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஆட்டிக்கொள்ளுங்கள். எப்படி ஆட்டினாலும் அந்தப் பெண்ணின் பணம் அவரிடம் இல்லை.