சனிக்கிழமைப் படகுகள்

சந்தனச்செல்விக்கு ஒரு காரியம் மண்டைக்குள் ஏறிவிட்டால் அதை இறக்க அவள் புருஷன் ஜெயகணேஷால் முடியாது, மில்லர்புரம் தெருவே திரண்டு வந்தாலும் முடியாது. கயிறும் சங்கிலியும் நங்கூரமும் விற்கிற தங்கள் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவளிடம், கொச்சியிலிருந்து பாம்பன் வழியாகச் சென்னைக்குப் போகிற பாய்ப்படகுக்காரர்கள் வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ராத்திரி படகைக் கட்டிவிட்டுத் தூங்க இங்கே இடம் எங்கே? பெரிய துறைமுகம் கப்பலுக்கு. மீன்பிடித் துறைமுகத்தில் நெருக்கடி. குளிக்க ஒரு குழாய் கிடையாது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ஊருக்கு வடக்கே ஒரு சின்ன மீனவர் குடியிருப்பின் துறையில், முன்பு உப்பு மூட்டை அடுக்கி, இப்போது சும்மா கிடந்த கிட்டங்கியை வாடகைக்கு எடுத்தாள். குளியலறை கட்டினாள், துணி துவைக்க மெஷின் வைத்தாள், நல்ல தண்ணீருக்குத் தொட்டி வைத்தாள். கடலுக்குள் பெரிய சிமெண்டுக் கட்டி ஒன்றை இறக்கி, அதில் சங்கிலி பூட்டி, மேலே ஆரஞ்சு நிறப் போயாவை மிதக்கவிட்டாள். வருகிற படகு அந்த மிதவையில் கயிற்றை மாட்டினால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம்.

"எல்லாம் சரி, கடலப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்று ஜெயகணேஷ் கேட்டான். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர் மகளுக்குக் கடல் தெரியாதுதான். தெரிந்தவர்களைக் கேட்டால் ஆயிற்று என்றாள். கேட்கவும் செய்தாள். எங்கே நல்ல ஆழம் என்று, திங்கட்கிழமை கடலுக்குக் கிளம்புமுன் துறையில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஜேசுபாதத்திடம் கேட்டாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். காட்டிய இடத்தில் கட்டியை இறக்கினாள். கேட்டதற்கு அவர் சரியாகத்தான் சொன்னார். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் விருந்தாளிகள் அந்த வாரமே வந்துவிட்டார்கள். புனேயிலிருந்து கேதார், வசுதா என்று ஒரு வயதான தம்பதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை விற்றுப் படகு வாங்கி, அதையே வீடாக்கிக்கொண்டவர்கள். வந்த இடத்தில் வசுதாவுக்குக் கஷ்டகாலம். படகுக்குள் இறங்குகிற படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் பலமான அடி. டாக்டர் படகுக்கே வந்து ஊசி போட்டு, அசையாமல் படுத்திருக்கவேண்டும், தூக்குவதானால் பலகையில் வைத்து நாலு ஆண்கள் சேர்ந்துதான் தூக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போதாக்குறைக்கு இன்ஜினின் தண்ணீர்ப் பம்பும் உடைந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு கேதார் ஆட்டோவில் டவுனுக்கு, லேத் பட்டறைக்குப் போயிருந்தார்.

அது சனிக்கிழமை சாயங்காலம். கிட்டங்கி முற்றத்தில் அனுஜா துண்டுகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். ஜேசுபாதத்தின் மகள், கிட்டங்கி வேலையெல்லாம் அவள்தான் பார்க்கிறாள்.

"அக்கா, நான் இன்னைக்குச் சீக்கிரம் போறேன். அப்பா வாராரு."

"கடலுக்குல்லா போயிருக்காரு?"

"எல்லாரும்தான் வாராவ. திங்கக்கெழம போயி அங்கனயே தங்குனா சனிக்கெழம சாயங்காலம்தான் திரும்புவாவ. ஞாயித்துக்கெழம பூசைக்கு எங்க ஊரு படகு ஒண்ணுகூடக் கடல்ல கெடக்காது."

செல்வி கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். அவள் இந்தத் துறைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். எல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரைதான். கடைக்காரர் வீட்டில் சனிக்கிழமை என்றால் ஜோரான வியாபாரம், கல்லாவை விட்டு நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் அதே கதைதான். மற்றவர்களுக்கு வாரம் வேறு மாதிரி முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வசுதாவுக்கு அடிபட்டதால்தான் இன்று கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எந்த வழியா வருவாவ?"

"ஒரே வழிதானக்கா. ரெண்டு மணல் திட்டுக்கும் நடுவால. ஆழம் அங்கனதான இருக்கு." சொல்லிக்கொண்டே கடலைப் பார்த்த அனுஜாவின் கை கொடியிலேயே நின்றுவிட்டது. இரண்டு திட்டுகளுக்கும் நட்டநடுவில், ஆரஞ்சுப் போயாவில் கட்டியபடி வெள்ளைப் படகு ஆடிக்கொண்டிருந்தது. "நீங்க இன்னைக்கு அத ஒதுக்கி நிறுத்திருவீயன்னுல்லா நெனச்சேன்."

"ஒதுங்கி வர மாட்டாவளா? கண்ணு இல்லையா?"

"வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கும்க்கா. முன்னால இருக்கது ஒண்ணும் தெரியாது. மாதா கோயில் கோபுரத்தக் குறி வச்சிக்கிட்டு அடிச்சு விடுவாவ. மொதல்ல வாரவனுக்குத்தான் வியாபாரியும் ஐஸும். போட்டி போட்டுக்கிட்டு வருவாவ."

செல்வி கேதாருக்கு போன் போட்டாள். பட்டறை இரைச்சலுக்குள் அவர், வேலை இன்னும் முடியவில்லை, ஒரு மணி நேரமாவது ஆகும் என்று கத்தினார். அனுஜா அப்பாவுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. குடியிருப்பில் தூக்குகிற தெம்புள்ள ஆண் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் அந்தப் படகுகளில்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

கேதார் கரையில் விட்டுப்போன ரப்பர் படகில் இருவரும் ஏறினார்கள். அனுஜா துடுப்புப் போட்டாள். நீச்சல் தெரியாத செல்வி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, போயா இறக்கின அன்றைக்குத் தன் காலை ஏதாவது கடித்திருக்கக்கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

வசுதா முன்பக்கத்து அறையில் மல்லாந்து கிடந்தாள். படகு மோதினால் முதலில் நொறுங்குகிற இடம் அதுதான். செல்வி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைக் கொட்டினாள். வசுதா பதறவில்லை.

"போயாவிலிருந்து அவிழ்த்துவிட்டால்?" என்று கேட்டு, தானே பதிலும் சொன்னாள். "காற்று கரைப்பக்கம் தள்ளும். அடிப்பகுதி தரை தட்டினால் படகு கவிழ்ந்துவிடும். நான் உள்ளே இருப்பேன்."

தூக்கிப் பார்த்தார்கள். தோளுக்கு ஒருத்தி, காலுக்கு ஒருத்தி. வசுதாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்து, கண் செருகியது. செல்வி பயந்துபோய்க் கீழே விட்டாள். தன் கையாலேயே கொன்றுவிடுவோம் போலிருந்தது.

படகில் இருந்த வாக்கிடாக்கியை அனுஜா எடுத்து, ஊர்ப் படகுகள் பேசிக்கொள்கிற சேனலுக்கு மாற்றினாள். உள்ளே ஒரே கும்மாளம். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள், யாரோ பாட்டு வைத்திருந்தார்கள். "ஏலே, எஸ்றா முன்னால போயிட்டாம்லே, விடாத" என்று ஒரு குரல். அனுஜா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவள் குரல் அந்தச் சத்தத்துக்குள் எங்கோ போனது.

வெளியே வந்து பார்த்தபோது கிழக்கே புகை தெரிந்தது. அப்புறம் புள்ளிகள்.

அனுஜா கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒரு வழிதான் இருக்கு. துறையில கொடிமரம் நிக்கில்லா, அதுக்கடியில பெட்டியில கறுப்புத் துணி கெடக்கும். படகெல்லாம் கடல்ல இருக்கும்போது ஊருல ஒரு சாவு விழுந்தா அத ஏத்துவோம். கோபுரத்துக்குப் பக்கத்துலதான் மரம், குறி பாக்கவன் கண்ணுல படாம இருக்காது. பாத்துட்டா போட்டி கெடையாது. பாட்ட நிறுத்தி, தலைத்துண்ட அவுத்து, இன்ஜின மெதுவா வச்சு, ஒண்ணு பின்னால ஒண்ணா வருவாவ."

"பொறவென்ன, போ. போயி ஏத்து."

"பொய்யா ஏத்தக்கூடாதுக்கா. யாரும் ஏத்துனது இல்ல. படகுல வாரவன் ஒவ்வொருத்தனும் தன் வீடுன்னுதான நெனைப்பான். எஸ்றாண்ணன் பொஞ்சாதிய நேத்துதான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. அவரு என்ன நெனைப்பாரு?"

செல்வி அறைக்குள் பார்த்தாள். வசுதா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள், இந்தப் பேச்சில் ஒரு வார்த்தை புரியாது. ஒரு உயிர் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. அந்தப் பக்கம் ஒருவன் கொஞ்ச நேரம் கலங்குவான், அவ்வளவுதானே. அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

"பொறவு நான் சமாதானம் சொல்லிக்கிடுதேன். நான்தான் ஏத்தச் சொன்னேன்னு சொல்லு. போளா."

"நீங்களும் வாங்க."

"நான் வரல. இவள ஒத்தையில விட்டுட்டு எங்க வர?"

அனுஜா துடுப்பை வலித்துக்கொண்டு போனாள். செல்வி உள்ளே வந்து வசுதாவின் கையைப் பிடித்தாள். வசுதா ஒரு டிராயரைக் காட்டி, அதில் ஆபத்து நேரத்துச் சிவப்பு மத்தாப்பு ஒன்று இருக்கிறது, வெயிலில் தூரத்துக்குத் தெரியாது, கிட்டே வந்த பிறகு கொளுத்து என்றாள். அப்புறம், "நீ போயிருக்கலாம்" என்றாள். செல்வி மத்தாப்பை எடுத்துக்கொண்டு படகின் முன்நுனிக்குப் போய் நின்றாள்.

புள்ளிகள் படகுகளாகிவிட்டன. அலையைக் கிழித்துக்கொண்டு அகலமாகப் பரவி வந்தவை, திட்டுகளை நெருங்க நெருங்க ஒன்றையொன்று முட்டுவதுபோல நெருங்கின. செல்வி திரும்பிக் கரையைப் பார்த்தாள். அனுஜா கொடிமரத்தடிக்கு ஓடுவது தெரிந்தது. கயிறு சிக்கியிருக்கவேண்டும், குனிந்து எதையோ இழுத்தாள். ஏத்தும்மா தாயே, ஏத்து என்று செல்வி வாய்க்குள் அரற்றினாள்.

கறுப்புத் துணி மேலே ஏறி, காற்றில் விரிந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் வந்த படகின் இன்ஜின் சத்தம் தணிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. பாட்டு நின்றது. கொஞ்சம் முன்னால் திருவிழாக் கூட்டம்போல வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசைக்கு வந்தார்கள். செல்விக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

ஒரு படகு மட்டும் குறையவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்த அது, துணி ஏறிய பிறகு புகையைக் கக்கிக்கொண்டு இன்னும் வேகம் பிடித்தது. எஸ்றா. செல்விக்குச் சுரீரென்றது. பொண்டாட்டியை நிறைமாசமாக விட்டுவிட்டுக் கடலுக்குப் போனவன், சாவுத்துணியைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பானா? அடப்பாவி மகளே, இது உனக்கு ஏன் உறைக்கவில்லை? கரைக்குப் பறந்து போய்ச் சேரத்தானே பார்ப்பான்.

முதல் உரசலில் மத்தாப்பு பற்றவில்லை. மறுபடி உரசினாள். சிவப்புத் தீ சீறிக்கொண்டு கிளம்பி விரலைச் சுட்டது. தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏலே எஸ்றா, திருப்புலே" என்று அலறினாள். படகின் முன்மூக்கு அவள் தலைக்குமேல் உயர்ந்து வந்தது. அதில் எழுதியிருந்த மாதாவின் பெயரை அவளால் வாசிக்க முடிந்தது. பின்னால் ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. காலுக்குக் கீழே, பலகைக்கு அடியில், வசுதா கிடந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

பெரிய சத்தம். படகு அதிர்ந்து சாய்ந்தது, செல்வி தெறித்துப்போய்க் கைப்பிடிக் கம்பியில் விழுந்தாள். கண்ணைத் திறந்தபோது எஸ்றாவின் படகு பக்கவாட்டில் உரசிக்கொண்டு நின்றது. கடைசி நிமிஷத்தில் திருப்பியிருக்கிறான். வெள்ளைப் பெயிண்ட் நீளத்துக்கு உரிந்திருந்தது. உள்ளேயிருந்து வசுதாவின் குரல் கேட்டது. "நான் நன்றாக இருக்கிறேன். நீ?"

எஸ்றா விளிம்புக்கு வந்து குனிந்தான். முகமெல்லாம் கண்ணீர். தான் எதன்மேல் மோதினோம் என்றுகூட அவன் பார்க்கவில்லை.

"அக்கா, யாரு? என் பொஞ்சாதியா? பிள்ளையா?"

"யாருமில்ல தம்பி, யாரும் சாகல. நான்தான் பொய்யா ஏத்தச் சொன்னேன். உள்ள ஒரு அம்மா எந்திரிக்க முடியாமக் கெடக்கா. நீங்க வாரது தெரியாம வழியில கட்டிட்டேன். எனக்கு வேற வழி தெரியல."

அவனுக்கு அது காதில் ஏறவே இல்லை. "எங்கிட்ட மறைக்காதீங்க. அவ உசுரோட இருக்காளா?"

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று செல்விக்கு எப்படித் தெரியும்? நேற்றுச் சேர்த்தார்கள், அவ்வளவுதான் அனுஜா சொன்னாள். யாரும் சாகவில்லை என்று எந்த வாயால் சொன்னாள்?

"தெரியாது தம்பி" என்றாள்.

எஸ்றா அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்த படகுகள் இன்ஜினை நிறுத்திச் சுற்றி நின்றன. துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்த ஆண்கள் ஒவ்வொரு படகிலிருந்தும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். யாரு? ஒவ்வொரு படகுக்கும் செல்வி அதே பதிலைச் சொன்னாள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஜேசுபாதம் மட்டும் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டே, "இனிமே அது ஏறுனா எவன் வேகத்தக் கொறைப்பான்?" என்று கேட்டார்.

எஸ்றாவின் படகில் ஒருவன் பிளாஸ்டிக் பையைப் பிரித்து போனை எடுத்துக் கொடுத்தான். கரை கிட்டே என்பதால் டவர் இருந்தது. மணி அடித்து நின்றது. மறுபடி போட்டான். அத்தனை படகிலும் ஒருவரும் மூச்சு விடவில்லை. மூன்றாம் முறை ஒரு பெண்குரல் எடுத்தது. ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது. "எங்க இருக்கீய? மத்தியானமே பொம்பளப் பிள்ள பொறந்தாச்சு, எத்தனை தடவ போனு போட? ஏன் பேச மாட்டேங்கீய? அழுதீயளா? என்ன ஆச்சு?"

எஸ்றா தோள் குலுங்க, போனைச் செல்வியிடம் நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க" என்றான்.

செல்வி சுட்ட கையை நீட்டி அதை வாங்கினாள்.