பென்சிலில் ஒரு பெருக்கல்குறி

வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, ஏற்றி, இறக்கிக் கொடுப்பது என் தொழில். ஒரு லாரி, ஒரு கிடங்கு, ஒரு டிரைவர், கிடங்கின் முன்னறையில் கடிதமெல்லாம் எழுத என் மனைவி. எங்கள் ரசீதின் பின்பக்கத்தில், எறும்பு மட்டுமே படிக்கக்கூடிய எழுத்தில் ஒரு நிபந்தனை அச்சடித்திருக்கும்: சேதம் ஏதும் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக என் கடையைக் காப்பாற்றியது லாரியில்லை, அந்த ஒரு வரிதான்.

அதனால், நாங்கள் வீடு மாற்றிக்கொடுத்த ஒரு தையல்காரம்மாவின் கடிதம் ஏழு மாதம் கழித்து வந்து சேர்ந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. உறையின் மேலிருந்த தேதியைப் பார்த்தேன், மனைவியிடம் நீட்டினேன்.

"படி. ஊரெல்லாம் தூங்கி எழுந்தப்புறம் கூவுற சேவலைப் பார்த்திருக்கியா? இதோ பாரு."

அவள் படித்தாள். வீடு மாறிய சமயத்தில் தையல்காரம்மாவுக்குக் கை முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. கை குணமாகி இப்போதுதான் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்தாராம். மிதித்த முதல் நாளே அதன் கழுத்து விண்டு மடியில் விழுந்ததாம். நஷ்ட ஈடு வேண்டுமாம். இதுவரைக்கும் நான் காலாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த வரிகளையும் அவள் உரக்கப் படித்தாள்.

"மெஷின் உங்கள் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அதை உங்கள் கிடங்கில் பசை தடவி, மேலே லாரி ஜாக்கியைப் பாரம் வைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் கொண்டுவந்து இறக்கினீர்கள். தெரிந்தே மறைத்தவருக்குப் பதினைந்து நாள் கெடுவைப் பற்றிப் பேச உரிமை இல்லை."

கடிதத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி, அடியிலிருந்த கையெழுத்து வரைக்கும் நானே ஒருமுறை படித்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அதுதான், அட்சரம் பிசகாமல். கிடங்கு வாசலில் லாரியின் பின்பலகையில் நின்று இறக்கும்போது பெட்டி என் கையை விட்டு வழுக்கியது. டிரைவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தான். பழைய வார்ப்பிரும்பு மெஷின். பிரித்துப் பார்த்தால் கழுத்தில் விரிசல். அந்தம்மா கையில் கட்டு இருக்கிறது, இரண்டு மாதத்துக்குப் பெட்டியைத் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஒட்டினேன், ஜாக்கியை வைத்தேன், மறுபடி கட்டினேன். பசை தடவியதை அந்தம்மா பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஜாக்கியை எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஜாக்கி என்றதும் எனக்கு நினைவு வந்தது. மறுநாள் காலையில், "ஜாக்கி எங்கண்ணே காணோம்?" என்று கேட்டுக் கிடங்குக்குள் தேடிக்கொண்டு வந்தவன் டிரைவர்.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஹாரன். பன்னிரண்டு வருடத்தில் பன்னிரண்டு வாக்கியம் பேசியிருப்பான், அதனால் வைத்த கேலிப்பெயர். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் முதலில் பதில் கடிதத்தை முடித்துவிட நினைத்து மனைவியிடம் சொல்லச் சொல்ல, அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். கெடு முடிந்துவிட்டது, கோரிக்கையை ஏற்க இயலாது, தாங்கள் சொல்லுவது வெறும் கற்பனை.

"கற்பனைன்னு வேணாங்க. ஆதாரமற்றதுன்னு போட்டா கௌரவமா இருக்கும்" என்றாள்.

"நீ இருக்கிறவரைக்கும் எனக்கென்ன கவலை" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். எங்கள் பிரிண்டர் படுத்துவிட்டதால் அவள் தெருமுனைக் கடைக்கு அச்செடுக்கக் கிளம்பினாள். நான் பின்பக்கம் போனேன்.

ஹாரன் லாரியின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தையல்காரம்மா வீட்டுக்குப் போனியா?"

"இல்லண்ணே."

"அப்ப ஜாக்கிக்கு வாய் முளைச்சு நடந்து போய்ச் சொல்லிச்சா?"

"எந்த ஜாக்கிண்ணே?"

அந்த அப்பாவி முகத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா. உன் பொண்ணுக்குக் காய்ச்சல்னப்போ ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு நாள் உன்கூட உட்கார்ந்தவன்டா நான். கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே."

அவன் தண்ணீர்க் குழாயை மூடினான். கையைச் சட்டையில் துடைத்தான். லாரிச் சாவியை எடுத்து என் கையில் கொடுக்காமல் பானெட் மேல் வைத்தான். "பேசவே மாட்டேன்னுதானேண்ணே எனக்கு அந்தப் பேரு வச்சீங்க" என்றான். பதின்மூன்றாவது வாக்கியம். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மனைவி திரும்பி வந்து, அச்செடுத்த கடிதத்தை என் முன்னால் வைத்தாள். நான் எப்போதும் கையெழுத்தைத் தப்பான இடத்தில் போடுகிறவன். ஒருமுறை வங்கிக் கடிதத்தில் மேனேஜரின் பெயருக்கு மேலேயே போட்டுக் கொடுத்து ஊர் சிரித்தது. அன்றிலிருந்து நான் போட வேண்டிய இடத்தில் அவள் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல்குறி வைத்துத் தருவாள். நான் போட்டதும் ரப்பரால் அழித்துவிடுவாள். இன்றைக்கும் வைத்திருந்தாள்.

பேனாவைத் திறந்தவன் அப்படியே நின்றேன். இதே குறியைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். தையல்காரம்மாவின் கடிதத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவருடைய கோணல்மாணல் கையெழுத்துக்கு அடியில், இடதுகால் கொஞ்சம் நீண்ட அதே பெருக்கல்குறி. அழிக்க ஆளில்லாமல் தபாலில் வந்துவிட்டது.

மெஷினை ஒட்டிய அன்று ராத்திரி சாப்பிடும்போது ஜாக்கியைப் பற்றி நான் சிரித்துச் சிரித்துச் சொன்னேனே, இவளிடம். இவள்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சொந்தக் கையைச் சந்தேகப்படுகிறவன் உண்டா?

"நீயா?" என்றேன்.

அவள் மறைக்கவில்லை. "நம்ம பொண்ணு பாவாடையைத் தைக்கக் கொடுக்கப் போனேன். மெஷினை மடியில வச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தாங்க. நான்தான் சரியா கட்டச் சொல்லலை, என் தப்புத்தான்னு என்கிட்டயே சொல்றாங்க. எப்படிங்க கேட்டுட்டுச் சும்மா வர்றது?"

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். நீங்க ஒட்டின அன்னைக்கே சொன்னேன், அவங்க பொழப்பே அதுலதான்னு. இன்னும் கொஞ்சம் சோறு போடுன்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "இனிமே சொல்லி என்ன? பதினஞ்சு நாள் கெடு தாண்டிருச்சுல்ல?"

அந்தம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தாள், சரி, இரக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கும் எழுதிக்கொடுத்தாளே. எதிரே உட்கார்ந்து, கண்ணிமைக்காமல், 'ஆதாரமற்றது' என்று என் பொய்க்கு மெருகு போட்டுக்கொடுத்தாளே.

"அதை ஏன் தட்டினே? மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க கையெழுத்துப் போடுவீங்களான்னு பார்க்கணும்னு இருந்துச்சு."

திறந்த பேனா என் கையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு பின்பக்கம் பார்த்தாள். "ஹாரன் எங்க? லாரி பாதி கழுவினபடி நிக்குது?"

சொன்னேன். அவள் முகம் அப்போதுதான் வெளுத்தது. "ஐயோ, அவனை ஏங்க? கூப்பிடுங்க. நான்தான்னு சொல்லுங்க."

போன் போட்டேன். நாலாவது தடவைதான் எடுத்தான். "மன்னிச்சுக்கடா. நீ இல்லைன்னு தெரிஞ்சு போச்சு" என்றேன்.

"அப்ப யாருண்ணே சொன்னது?"

மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுத்தவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. "மெஷினைப் போட்டு உடைச்சது நான்டா" என்றேன்.

"அதை நான் கேக்கலையேண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அச்செடுத்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். "வேற எழுது. உடைச்சது நாங்கதான், புது மெஷின் வாங்கித் தரோம்னு எழுது."

"நீங்களே எழுதுங்க" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் நான் கையால் எழுதிய முதல் கடிதம் அது. எட்டு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது என்று எழுதினேன். எழுத எழுத வெட்கமாக இருந்தது. அவள்மேல் இருந்த கோபமும் இம்மியளவு குறையவில்லை. நியாயம் அவள் பக்கம் இருந்ததால் அது இன்னும் அதிகமாகத்தான் சுட்டது.

கடைசி வரிக்கு வந்து நிமிர்ந்தேன். "எங்க போடணும்?" என்று கேட்டேன்.

பென்சில் அவள் கையில்தான் இருந்தது. அவள் எழுந்து வரவில்லை.