மாரேட்பள்ளி மாடியில் செர்ரி

மே மாத வெயிலில் மாரேட்பள்ளி மொட்டை மாடியில் அப்பளத்தைக் காய வைத்தால் பொரிந்தே விடும். அங்கேதான் ஹம்ஸினி தொட்டியில் செர்ரி மரம் வளர்த்தாள், பூவுக்காக. அவள் படித்த ஜப்பானிய நாவல்களில் எல்லாரும் செர்ரி பூத்த மரத்தடியில் நின்றுதான் காதலைச் சொன்னார்கள், வேலையை விட்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள். மாரேட்பள்ளியில் இதற்கெல்லாம் தண்ணீர் டேங்கின் நிழலை விட்டால் கதியில்லை. மரம் முழுக்கப் பூத்து ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மரம் இரண்டு வருஷமாக இலை விட்டது, உதிர்த்தது. வேறு ஒரு வேலையும் செய்யவில்லை.

"இதுக்குப் பச்சை வலை, ஏர்கூலர் வேற! நக்கோ பா, வேண்டவே வேண்டாம்! பங்குனிக்குள்ள பூக்கலைன்னா பிடுங்கிட்டுக் கறிவேப்பிலை வச்சுடுவேன்" என்றார் அப்பா நாராயணஸ்வாமி. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் டர்பைன் செய்து ரிடையர் ஆனவர். உற்பத்தி காட்டாத எதையும் அவரால் பொறுக்க முடியாது.

செர்ரி பூக்க இந்தக் குளிர் போதவில்லை என்று இணையத்தில் யாரோ சொன்னார்கள். டிசம்பர் முழுக்க, பேகம்பேட் ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் ஹம்ஸினி மீன்கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினாள். அத்தனை ஐஸ் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்கவில்லை.

"மச்லி நக்கோ? காலி பரஃப்? கைக்கு?" எதற்கு என்று கேட்டார் கடைக்காரர். மீனை விட்டுவிட்டு ஐஸை மட்டும் கேட்கும் ஆளை அவர் பார்த்ததே இல்லை.

"மரத்துக்கு, பாய்."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பாவம் என்று இரண்டு கை கூடுதலாகவே அள்ளிப் போட்டார்.

தொட்டியில் கொட்டிய ஐஸோடு சில நாள் மீன் செதிலும் வந்தது. தெருப் பூனைகள் தொட்டியைச் சுற்றிப் பக்தியோடு உட்கார்ந்தன. வெங்காயத்தையே சந்தேகமாகப் பார்க்கும் வீடு அது. அம்மா கல்பகத்திடம், ஐஸ் ஃபாக்டரியில் வாங்கியது என்று சொல்லி வைத்தாள்.

ஐஸோ, அந்த வருஷக் குளிரோ, பிப்ரவரியில் மொட்டு விட்டது. ஒரு காலை ஹம்ஸினி பல்கூடத் தேய்க்காமல் மாடிக்கு ஓடினாள். பூக்கள் விரிந்திருக்க வேண்டிய ஒரு கிளையில் காம்புகள்தான் இருந்தன. பக்கத்தில் பித்தளைத் தட்டோடு அம்மா.

"அம்மா! பூ எங்கே?"

"பிள்ளையார் தலையில. ஆத்துல முதல்ல பூத்தது ஸ்வாமிக்குத்தானே? இதோ, இது லக்ஷ்மிக்கு. நாளைக்குப் பெருமாளுக்கு."

அவர்கள் பூஜை அலமாரியில் மொட்டுகளைவிட ஸ்வாமிகள் அதிகம். ஹம்ஸினியின் கையில் ஒரே ஓர் ஆயுதம்தான் இருந்தது.

"அம்மா, இது ஸ்வாமிக்கு ஆகாது. மீன்கடை ஐஸ் போட்டு வளர்த்தது."

கல்பகத்தின் விரல் ஒரு பூவின் மேல் அப்படியே நின்றது.

"செதில்கூட இருந்ததும்மா" என்று ஹம்ஸினி காரம் சேர்த்தாள்.

"அதான் அத்தனை பூனையா!" கல்பகம் கொஞ்சம் யோசித்தாள். "ஏண்டி, கங்கையில மீன் இல்லையா? அந்த ஜலத்தைத் தலையில தெளிச்சுக்கலையா நாம?" பூவைக் கிள்ளித் தட்டில் போட்டாள். "உங்கப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதே. மரத்தோட மாடியையும் அலம்பி விட்டுடுவார்."

ஆயுதம் போனது. ஹம்ஸினி தரையில் உட்கார்ந்து, நாவலில் வருகிற அழகெல்லாம் இல்லாமல், சளி ஒழுக அழுதாள்.

"முழுசாப் பூத்து ஒரு தடவை பாக்கணும்னுதாம்மா..."

கல்பகம் மகளைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"சரி சரி, மீதியெல்லாம் எனக்கு எட்டலை. எக்கி எக்கி இடுப்பு வலிக்கறது. ஸ்வாமி செம்பருத்தியை வாங்கிக்கட்டும்" என்று படியிறங்கினாள்.

மரம் அவள் தோளுக்குக் கீழேதான் நின்றது.